பதினோரு அடுப்புகள்

அந்தத் தெருவில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் யாரும் இல்லை. பூச்சிக்காரர் என்றால் தபால்காரருக்குக்கூடத் தெரியும். வீடுகளில் கரப்பான், எறும்பு, மூட்டைப்பூச்சி ஒழிப்பது தொழில். பத்தொன்பது வருஷமாகத் தனி ஆளாகச் செய்துவருகிறார். வயது ஐம்பத்தாறு. முழங்காலுக்கு மட்டும் எழுபத்தைந்து இருக்கும் என்று எலும்பு டாக்டர் சொன்னார்.

நின்றுகொண்டு பார்க்கிற தொழில் இல்லை இது. எந்தப் பூச்சியும் ஆளுயரத்தில் குடித்தனம் நடத்துவதில்லை. பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே, குளிர்ப்பெட்டிக்குப் பின்னே, கட்டிலுக்கு அடியில் என்று அவை இருக்கிற இடத்துக்கு நாம்தான் போக வேண்டும். ஒரு நாளைக்கு ஆறு வீடு, வீட்டுக்கு ஐந்து முறை மண்டி போட வேண்டும். அப்படிப் போட்டுப் போட்டு வலது முழங்கால் ஒரு சின்னப் பலாக்காய் போல ஆகிவிட்டது.

"தரையில மண்டி போடறதை விட்டுடுங்க," என்று டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்தபடி சொன்னார். "நீங்க விடலேன்னா ஒரு வருஷத்துல முட்டியே உங்களை விட்டுடும்."

விட்டுவிட்டு என்ன செய்வது? இரண்டு வழிதான் இருந்தது. ஒன்று, ஊருக்கு வெளியே ஒரு கிடங்கு வாசலில் விடிய விடிய நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற காவல் வேலை. அவர்கள் சனிக்கிழமைக்குள் பதில் சொல்லச் சொல்லியிருந்தார்கள். இன்னொன்று பேக்கரி. ஊர் முழுக்கப் பதினோரு கடைகள் வைத்திருந்த பேக்கரி, மாதாமாதம் வந்து பார்த்துக்கொள்ள ஒரு ஆளைத் தேடிக்கொண்டிருந்தது. அது கிடைத்தால் மனைவியின் தம்பியைச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ளலாம். மச்சான் குனிவான், இவர் நிமிர்ந்து நின்று, கையில் நோட்டுப் புத்தகத்தோடு, "அங்கே பாரு, இங்கே பாரு" என்று சொன்னால் போதும். மச்சானும் அதை நம்பி, ஓட்டிக்கொண்டிருந்த பார்சல் வண்டி வேலையைப் போன மாதமே விட்டுவிட்டு வந்திருந்தான். அவனுக்கு எதையும் கொஞ்சம் முன்கூட்டியே செய்துவிடுகிற சுபாவம்.

பேக்கரி முதலாளியம்மா வியாழக்கிழமை பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தார்.

புதன்கிழமை சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் ஒத்திகை நடந்தது. ஏற்பாடு மனைவியுடையது. அவள் ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் வரவேற்பில் இருப்பவள். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்து நாள் முழுக்கச் சிரிப்பது அவள் வேலை. வீட்டுக்கு வந்ததும் அந்தச் சிரிப்பைக் கழற்றிக் கைப்பையோடு ஆணியில் மாட்டிவிடுவாள்.

"நான்தான் முதலாளியம்மா. உள்ள வாங்க," என்றாள்.

"நான் உள்ளதானே உக்காந்திருக்கேன்?"

"எந்திரிச்சுப் போய் வாசல்லேருந்து வாங்க."

"முட்டி வலிக்குதும்மா. வந்துட்டேன்னு வெச்சுக்கோயேன்."

"சரி, வந்துட்டீங்க. உங்களைப் பத்திச் சொல்லுங்க."

"பூச்சி அடிக்கிறவன்."

"இதைச் சொல்றதுக்கா பத்தொன்பது வருஷம்? பூச்சிக் கட்டுப்பாட்டு நிறுவனம்னு சொல்லுங்க."

"நிறுவனம்னா அதுல யாரெல்லாம்?"

"நீங்க, என் தம்பி. கணக்கு வழக்குக்கு நான்."

"இது நிறுவனமா, ரேஷன் கார்டா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் விடவில்லை. எந்த மருந்து, எந்தப் பூச்சிக்கு, ரொட்டியில் படாதா, குழந்தைகளுக்கு ஆகுமா என்று வரிசையாகக் கேட்டாள். ஒவ்வொரு பதிலும் அவருக்குத் தெரியும். ஆனால் தெரிந்ததைச் சொல்லும்போது வாய், மருந்தடித்த கரப்பான் மாதிரி நாலா பக்கமும் ஓடியது. மூன்றாவது கேள்வியிலேயே களைத்துப்போய், மேசையில் தலையை வைத்துக்கொண்டார்.

"இப்படித்தான் அந்தம்மா மேசையிலயும் படுப்பீங்களா?"

"அவங்க மேசை நல்லா இருந்தா படுப்பேன்."

அடுத்து சட்டை. நாலு சட்டையையும் வரிசையாக முகர்ந்து பார்த்து நாலிலும் மருந்து வாடை என்று முகத்தைச் சுளித்தாள். அவருக்கு அந்த வாடை தெரியவில்லை. தெரிந்து ஏழெட்டு வருஷம் இருக்கும். கடைசியில் மச்சானின் கல்யாணத்துக்கு எடுத்த சட்டையைத் தேடி எடுத்தாள். கழுத்துப் பொத்தான் போட வரவில்லை. "போடாம விடுங்க, கொஞ்சம் வயசு கம்மியாத் தெரியும்," என்றாள்.

பெரிய தலைவலி கடிதங்கள்தான். பழைய வாடிக்கையாளர் மூன்று பேரிடமிருந்து கடிதம் கொண்டுவரும்படி முதலாளியம்மா எழுதியிருந்தார். கேட்டது நியாயம்தான். ஆனால் எங்கள் வீட்டில் கரப்பான் மொய்த்தது, இவர் வந்து ஒழித்தார் என்று எவர் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார்? இந்தத் தொழிலில் வேலை எவ்வளவு நன்றாக நடந்ததோ அவ்வளவுக்கு வாயை மூடிக்கொள்வார்கள். அவருடைய வண்டிகூட ஒரு எழுத்தும் இல்லாத வெள்ளை வண்டி. அதையும் அடுத்த தெருவில்தான் நிறுத்துவார். மருந்தும் தெளிப்பானும் சக்கரம் வைத்த பயணப் பெட்டிக்குள் இருக்கும். அதை உருட்டிக்கொண்டு போனால் யாரோ சொந்தக்காரர் ஊரிலிருந்து வந்திருக்கிறார் என்று அக்கம்பக்கம் நினைத்துக்கொள்ளும். ஒரு வீட்டம்மா கதவைத் திறக்கும்போதே, "வாங்க வாங்க, பிரயாணமெல்லாம் சௌகரியமா?" என்று நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி விசாரிப்பார். "இருந்துச்சுங்க," என்று இவரும் சொல்லிவிட்டு நேரே சமையலறைக்குப் போய் மண்டி போடுவார்.

அலைந்து திரிந்ததில் மூன்று கடிதங்கள் கிடைத்திருந்தன. மனைவி ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தாள்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் எழுதியிருந்தார்: "இவரை ஏழு ஆண்டுகளாக அறிவேன். நேரம் தவறாதவர். நன்னடத்தை உடையவர்."

"பத்தாம் வகுப்புல சேரப் போறீங்களா?" என்றாள்.

பெண்கள் விடுதி நடத்துகிறவர் எழுதியிருந்தார்: "இவர் வந்து சென்ற பிறகு எங்கள் விடுதியில் முழு அமைதி நிலவுகிறது."

"இதைப் படிச்சா உங்களைச் சாமியார்னு நினைப்பாங்க."

மூன்றாவது, தையல்கடைக்காரருடையது. ஒரு முழுத் தாளில் நட்டநடுவே "நன்றி" என்று மட்டும் இருந்தது. அதைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கமும் ஒன்றும் இல்லை. மூன்றையும் ஒரு கோப்பில் வைத்து மூடி, அதன் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"கிடைக்கலேன்னா பரவால்லீங்க," என்றாள். "கிடங்கு வேலை இருக்கு."

"இருக்கு," என்றார் அவர்.

காலையில் அவள் முதல் பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டாள். ஒன்பது மணிக்கு மச்சான் கீழேயிருந்து குரல் கொடுத்தான்.

"மாமா, கண்ணை மூடிக்கிட்டு வாங்க!"

"படிக்கட்டுல கண்ணை மூடினா நீயா வந்து தூக்குவே?"

இறங்கிப் பார்த்தார். வெள்ளை வண்டியின் பக்கவாட்டில், ஒரு கை நீளத்துக்கு, மல்லாந்து கிடந்தது ஒரு கரப்பான். ஆறு காலும் ஆகாயத்தைப் பார்த்திருந்தன. கண் இரண்டும் சொருகியிருந்தன. கீழே சிவப்பில், "ஒன்றுகூட மிஞ்சாது!"

"என்னடா மாப்ள இது?"

"கரப்பான், மாமா."

"அது தெரியுது. பத்தொன்பது வருஷமா அது மூஞ்சியைத்தான் பாத்துக்கிட்டிருக்கேன். வண்டியில எதுக்கு?"

"கம்பெனின்னா ஒரு அடையாளம் வேணாமா? பெரிய இடத்துக்குப் போறோம். மொட்டை வண்டியில போனா முட்டை விக்க வந்தவங்கன்னு நினைப்பாங்க. நேத்து சாயங்காலமே ஒட்டிட்டேன். அந்தப் பக்கமும் ஒண்ணு இருக்கு, வந்து பாருங்க."

"மாப்ள, பத்து மணிக்கு ரொட்டி வாங்க ஜனங்க வரிசையில நிப்பாங்க. கடை வாசல்ல இந்த வண்டி போய் நின்னா அந்த ரொட்டியை யாராவது தொடுவாங்களா?"

மச்சான் வண்டியைப் பார்த்தான். அவன் முகத்தில் விஷயம் மெல்ல மெல்ல இறங்குவது தெரிந்தது.

"ஒட்டினவன் அஞ்சு வருஷத்துக்கு அசையாதுன்னான், மாமா," என்றான் மெதுவாக.

இருவரும் நகத்தால் சுரண்டிப் பார்த்தார்கள். கால் மணி நேரத்தில் ஒரே ஒரு கால் உரிந்து வந்தது. மீதி உடம்பு அசையவில்லை.

"இப்ப அதுக்கும் ஒரு கால் போச்சு, என்னை மாதிரி," என்றார் பூச்சிக்காரர். திட்டியிருக்கலாம். திட்டுவதற்கும் உடம்பில் கொஞ்சம் தெம்பு மிச்சம் இருக்க வேண்டும். வாடகைக் காருக்குப் போன் செய்தால் முக்கால் மணி நேரம் ஆகும் என்றார்கள். "எடு வண்டியை. கண்ணுக்குப் படாத தூரத்துல நிறுத்து."

சொல்வது எளிது. பதினோரு கடை உள்ள பேக்கரிக்குக் கண்ணுக்குப் படாத தூரம் என்று ஒன்று அந்த வட்டாரத்தில் இல்லை. முதல் முனையில் திரும்பினால் அங்கே பச்சைப் பலகையோடு ஒரு கிளை. பின்னுக்கு எடுத்து அடுத்த தெருவுக்குள் நுழைந்தால் அங்கேயும் அதே பச்சைப் பலகை. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெண் கேக் அடுக்கிக்கொண்டிருந்தாள். மச்சான் குனிந்துகொண்டே ஓட்டினான், தான் குனிந்தால் கரப்பானும் குனியும் என்பதுபோல. கடைசியில் தபால் நிலையத்தின் பக்கச் சுவரை ஒட்டி ஒரு இடம் கிடைத்தது. தபால் வண்டி வந்தால் நகர்த்த வேண்டும் என்று காவலாளி சொல்லிவிட்டார்.

"நான் இங்கேயே இருக்கணும் போல இருக்கே, மாமா. நீங்க தனியாவா போவீங்க?"

"பேசத்தானே போறேன். குனிய ஒண்ணும் இல்லை."

நல்ல காலுக்குப் பத்து நிமிஷ நடை அது. அவருக்கு இருபத்தைந்து நிமிஷம் ஆயிற்று. முதல் தெருவில் வலி முட்டியில் மட்டும் இருந்தது. இரண்டாவது தெருவில் இடுப்புக்கு ஏறியது. ஒரு மருந்துக் கடை வாசலில் நின்று, ஜன்னலில் வைத்திருந்த பற்பசை விலைகளைப் படிப்பதுபோல் மூச்சு வாங்கிக்கொண்டார். நடந்துகொண்டே "பூச்சிக் கட்டுப்பாட்டு நிறுவனம்" என்று முணுமுணுத்துப் பார்த்தார். யாரோ வேறொருவரைப் பற்றிச் சொல்வதுபோல இருந்தது. கல்யாணச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. பேக்கரிக்கு மேலே அலுவலகம், பதினாறு படி. ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து ஏறினார். பத்து மணி ஏழு நிமிஷம்.

முதலாளியம்மாவுக்கு அறுபது வயது இருக்கும். மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்திருந்தார். முழங்கை வரை மாவு. நேரம் தவறாதவர் என்ற வரியை முதலில் படித்துவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று கடிதங்களையும் படித்து முடித்தார். தையல்கடைக்காரரின் தாளை, மனைவி செய்தது போலவே, திருப்பிப் பார்த்தார்.

"இதுல எதுலயும் பூச்சின்னு ஒரு வார்த்தை இல்லையே?"

ஒத்திகையில் இந்தக் கேள்வி வரவில்லை. "இருக்காது மேடம்," என்றார். "நான் வந்து போனது வெளியில தெரியக்கூடாதுங்கறதுக்குத்தான் எங்கிட்ட வர்றாங்க. நாளைக்கு நீங்களும் எனக்குக் கடிதம் எழுதித் தர மாட்டீங்க."

முதலாளியம்மா கோப்பை மூடினார். கண்ணாடியைக் கீழே இறக்கி அவரை ஒருமுறை முழுசாகப் பார்த்தார். "வாங்க, சமையல்கட்டைப் பாத்துட்டு வருவோம்," என்று எழுந்துவிட்டார்.

மறுபடியும் பதினாறு படி.

கீழே வெக்கையும் ஈஸ்ட் வாசனையுமாக இருந்தது. நாலு பேர் மாவு பிசைந்துகொண்டிருந்தார்கள். சுவரை ஒட்டி ஒரு பெரிய அடுப்பு, ஆள் நுழைகிற அளவுக்கு.

"இங்கே நீங்க முதல்ல எங்கே பாப்பீங்க?" என்று கேட்டார் முதலாளியம்மா.

மருந்துப் பெயர்களும் மனைவி சொல்லிக்கொடுத்த வாக்கியங்களும் ஒரேயடியாக மறந்துபோயின. ஆனால் கண் தானாகவே போயிற்று. குளிர்ப்பெட்டியின் மோட்டார்ப் பக்கம் சூடு இருக்கும், ஆனால் துடைத்துச் சுத்தமாக இருந்தது. மாவு மூட்டைகள் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி இருந்தன. அடுப்புக்குப் போகிற கேஸ் குழாய் சுவருக்குள் நுழைகிற இடம் மட்டும் நின்றால் தெரியவில்லை. அடுப்புக்கும் தரைக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி.

"அங்கே," என்றார்.

"பாருங்க."

மச்சான் பக்கத்தில் இருந்திருந்தால் ஒரு சைகை போதும். மச்சான் தபால் நிலையத்தில் இருந்தான். முட்டி விஷயத்தைச் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தார். பிசைகிறவர்கள் நாலு பேரும் கையை நிறுத்தி இவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பழக்கதோஷத்தில் சட்டைப்பையில் இருந்த சின்ன டார்ச் அதற்குள் கைக்கு வந்துவிட்டது. இடது காலை மடக்கினார், வலது காலை நீட்டியபடி விட்டுக் கையை ஊன்றினார், அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து தரையில் படுத்தார். ஏதோ ஒன்று முட்டிக்குள் நகர்ந்தது.

"மேடம், குழாயைச் சுத்தி சிமெண்ட் உதிர்ந்திருக்கு. காப்பித்தூள் மாதிரி கிடக்கு, பாருங்க, அது காப்பித்தூள் இல்லை, கரப்பான் எச்சம். ஆனா பழசு. காலி முட்டைக்கூடு ரெண்டு இருக்கு. இங்கே ஒரு கூட்டம் இருந்திருக்கு, இப்ப சுவருக்கு அந்தப் பக்கம் போயிருக்கு. அந்தப் பக்கம் என்ன இருக்கு?"

"கழிவுநீர்க் குழாய் போற சந்து."

"அங்கேதான். இந்த ஓட்டையை அடைக்காம எத்தனை மருந்து அடிச்சாலும் திரும்பி வரும்."

"சரி, எந்திரிங்க."

"கொஞ்சம் நேரம் ஆகும் மேடம்."

"ஏன், இன்னும் ஏதாவது தெரியுதா?"

"இல்லைங்க. எந்திரிக்க முடியலை."

யாரும் சிரிக்கவில்லை. முதலாளியம்மா ஒரு காலி எண்ணெய் டின்னைக் காலால் இழுத்துக் கவிழ்த்து, அவர் தலைமாட்டில் உட்கார்ந்தார். பிசைகிறவர்களைப் பார்த்து, "மாவு தானா பிசையுமா?" என்றார். அவர்கள் திரும்பிக்கொண்டார்கள்.

"உங்களுக்கு முன்னாடி மூணு பேர் வந்தாங்க," என்றார். "மூணு பேரும் மேல உக்காந்து கம்ப்யூட்டர்ல படம் காட்டினாங்க. இந்த ஓட்டை எனக்குத் தெரியும். யாராவது சொல்றாங்களான்னுதான் ஒவ்வொருத்தரையா கூட்டிட்டு வந்து காட்டினேன். வேலை உங்களுக்குத்தான். ஆனா ஒண்ணு. நீங்களே வரணும். கையெழுத்துப் போட ஒருத்தர், குனிய ஒருத்தர்ங்கறது வேணாம். உங்க கண்ணுக்குத்தான் நான் பணம் கொடுப்பேன்."

அடுப்படித் தரை இதமாகச் சூடாக இருந்தது. இந்த இடத்தை விட்டுக் கரப்பான் ஏன் போக மறுக்கிறது என்று இத்தனை வருஷத்தில் முதல்முறையாக அவருக்கு முழுசாகப் புரிந்தது. எதிலிருந்து தப்பிக்க இந்த வேலையைத் தேடி வந்தாரோ அதையே நிபந்தனையாக வைக்கிறார் இந்தம்மா. சரி என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் யோசிக்கலாம். ஆனால் தரையில் கிடந்துகொண்டு ஒருவர் எவ்வளவு மறைக்க முடியும்?

"மேடம், உண்மையைச் சொல்லிடறேன். இனிமே மண்டியே போடக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். எனக்குக் குனிய என் மச்சானைக் கூட்டிட்டு வரலாம்னுதான் இந்த வேலைக்கே வந்தேன்."

முதலாளியம்மா விரலில் ஒட்டியிருந்த மாவை உருட்டினார். ரொட்டித் தட்டு ஒன்று தலைக்கு மேல் போயிற்று.

"அப்ப எப்படி?" என்றார் கடைசியில். வேண்டாம் என்று சொல்லவில்லை.

"அலமாரி, குளிர்ப்பெட்டி, மாவு மேசை, எல்லாத்துக்கும் அடியில சக்கரம் வெச்சுடுங்க. இழுத்து வெளியில விட்டா நின்னுக்கிட்டே பாக்கலாம். பெருக்கறவங்களுக்கும் நல்லது. இப்ப அதுக்கு அடியில அவங்க விளக்குமாறு போகலை, தூசி சொல்லுது."

"வெச்சுடலாம். ஆனா அடுப்பு நகராது. கேஸ் குழாயோட கட்டி வெச்சிருக்கு."

"எத்தனை கடையில?"

"பதினொண்ணுலயும்."

கண்ணை மூடிக் கணக்குப் போட்டார். இப்போது ஒரு நாளைக்கு முப்பது முறை. இங்கே மாதத்துக்குப் பதினொன்று. டாக்டர் சொன்ன பூஜ்யம் இல்லை. டாக்டர் பேக்கரி நடத்தவில்லை.

"அடுப்புக்கு அடியில மட்டும் நான் படுத்துப் பாக்கறேன். மத்ததை மச்சான் பாப்பான், நான் பக்கத்துல நிப்பேன்," என்றார். "ஆனா ஒவ்வொரு கடையிலயும் என்னைத் தூக்கி விட ரெண்டு ஆள் வேணும்."

"அதையும் எழுதிக்கணுமா?"

"எழுதிடுங்க மேடம். அப்புறம் மறந்துடுவாங்க."

முதலாளியம்மா மாவுக் கையாலேயே ஒரு தாளில் எழுதிக்கொண்டார். பிறகு பிசைகிறவர்களில் இரண்டு பேரைக் கூப்பிட்டார். ஒருவர் ஒரு கை, இன்னொருவர் இன்னொரு கை. "வலது காலைத் தொடாதீங்க, அக்குள்ல பிடிங்க," என்று பூச்சிக்காரர் சொல்லச் சொல்ல, முதல் முறை பாதி எழுந்து மறுபடியும் உட்கார்ந்துவிட்டார். இரண்டாவது முறை நின்றார். கல்யாணச் சட்டையின் இரு பக்கமும் மாவுக் கை பதிந்திருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு சமனாகும் வரை அப்படியே நின்றார்.

"இந்த மாசத்துக்கு இன்னும் பத்து," என்றார்.